பின்னால் யாரையும் ஏற்றாத ஒரு வருடம்

1

நான் வாழும் ஜப்பானில் ஒரு சட்டம் உண்டு. மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வாங்கி முழுதாக ஒரு வருடம் ஆகும்வரை பின் சீட்டில் யாரையும் ஏற்றக் கூடாது. திருச்சியில் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். லைசென்ஸ் எடுக்கப் போகும்போதே பின்னால் இரண்டு பேரை உட்கார வைத்துக்கொண்டு போகிற ஊர் எங்கள் ஊர்.

என் மகள் தாரிணி சிரிக்கவில்லை. பத்தொன்பது வயதுக்காரி, கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். லைசென்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்து அந்த ஒரு வருடத்தை ஒரு நாள் பிசகாமல் எண்ணிக்கொண்டிருந்தாள். மழையில் நான் ரயில் நிலையத்தில் மாட்டிக்கொண்ட நாளில்கூட, பைக்கில் வந்து எனக்குக் குடையை மட்டும் கொடுத்துவிட்டு, "சாரிம்மா, இன்னும் அஞ்சு மாசம் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

வருடம் முடிந்ததும் அவள் பின்னால் முதலில் உட்காரப் போவது நான்தான் என்று நினைத்திருந்தேன். ஏன் நினைக்க மாட்டேன்? பைக் ஆசை அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. ஆனால் கடந்த மார்ச்சில் அந்த வருடம் முடிந்தபோது நாங்கள் திருச்சியில் இருந்தோம். அங்கே அந்த இடத்தில் உட்கார்ந்தது நான் இல்லை.

2

பதினெட்டு வருடங்களுக்கு முன், கணவர் ரவியின் வேலைக்காக இங்கே வந்தோம். டோக்கியோவுக்கு வடக்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு சிறு நகரம். வரும்போது தாரிணி கைக்குழந்தை. முகுந்த் இங்கேயே பிறந்தான். அவனுக்கு இப்போது பதின்மூன்று. நான் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் பகுதி நேர வேலை பார்க்கிறேன்.

வந்து பல வருடங்கள் வரை நான் வண்டியைத் தொடவில்லை. பிள்ளைகள், மொழி, வேலை என்று நாள் ஓடிவிட்டது. நாற்பது வயதை நெருங்கியபோது ஒருநாள், சிக்னலில் ஒரு பெண் பைக்கில் காத்திருந்ததைப் பார்த்தேன். விளக்கு பச்சையானதும் அவள் கியர் போட்டுக் கிளம்பிய அந்த ஒரு சத்தம் போதுமானதாக இருந்தது. மறுவாரமே என் இந்திய லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் போய் நின்றேன்.

இங்கே இந்திய லைசென்ஸை மாற்றித் தருவதற்கு முன் ஓர் அதிகாரி உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். எந்தப் பள்ளியில் ஓட்டக் கற்றீர்கள்? எத்தனை மணி நேரம் வகுப்பு? தேர்வு மைதானத்தின் வடிவம் என்ன? ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொள்வார்.

"பள்ளி எதுவும் இல்லை. அண்ணன் கற்றுக் கொடுத்தார்" என்றேன்.

எதிரே இருந்த இளம் அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நானா?"

ஜப்பானிய மொழியில் தன் அண்ணனைச் சொல்ல ஒரு சொல், அடுத்தவரின் அண்ணனைச் சொல்ல வேறொரு சொல். இரண்டாவது சொல்லால்தான் முன்பின் தெரியாத இளைஞர்களையும் கூப்பிடுவார்கள். நான் அதைச் சொல்லிவிட்டேன். அந்த இளைஞருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. தவறைத் திருத்திக்கொண்டு, "என் சொந்த அண்ணன்" என்றேன். அவர் தலையாட்டி, அடுத்த கேள்வியைக் கேட்டார்: "அண்ணனுடைய பள்ளியின் பெயர் என்ன?"

அவரிடம் நான் எதைச் சொல்வது? கே.கே. நகரின் காலியான தெருக்கள், காலை ஆறு மணி, நூறு சிசி பைக், பின்னால் உட்கார்ந்து "கிளட்சை விடு, மெதுவா விடுடி" என்று கத்துகிற அண்ணன் செந்தில். படிவத்தில் அதற்கு இடமில்லை.

ஓட்டும் தேர்வில் மூன்று முறை தோற்றேன். எட்டு போடுவது எனக்குப் பழக்கம்தான். என்னைக் கவிழ்த்தது ஒரு பலகை. ஓர் அடி அகலத்தில், தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில், நீளமான ஒற்றைப் பாலம் மாதிரி இருக்கும். அதன் மேல் மெதுவாகப் போக வேண்டும். ஏழு விநாடிக்குள் கடந்துவிட்டால் மதிப்பெண் குறையும். வேகமாகப் போவதை விட மெதுவாகப் போவது கஷ்டம் என்பதை நாற்பது வயதில் அந்தப் பலகை எனக்குக் காட்டியது. கடைசியில் ஒரு பள்ளியில் சேர்ந்து, இருபது வயதுப் பையன்களோடு வரிசையில் நின்று, லைசென்ஸ் வாங்கினேன். பழைய 250 சிசி பைக் ஒன்றும் வாங்கினேன்.

"இந்த வயசுல இது தேவையா?" என்று ரவி கேட்டார். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது.

"இந்த வயசுலதான் நேரம் கிடைச்சிருக்கு" என்றேன்.

3

தாரிணிக்குப் பதினாறு வயதானபோது வீட்டில் அவள் குரல் அநேகமாக நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள், அதுவும் ஒரு சொல்லில். வெளியே போனால் இன்னும் மோசம். கடையில் நான் "தாரிணி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டால், யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று வேகமாக நகர்ந்துவிடுவாள். முகுந்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. அவனுக்குத் தமிழே பாதிதான் தெரியும். அந்தப் பாதியைச் சாப்பாட்டுக்கு மட்டும் பயன்படுத்துவான்.

அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் என் பைக் சரிந்துவிட்டது. நூற்றறுபது கிலோ. தூக்க முயன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து தாரிணி பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. செருப்பைக்கூட ஒழுங்காகப் போடாமல் இறங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து நிமிர்த்தினோம். கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"எழுப்பியாச்சு."

ஜப்பானிய மொழியில் தூங்குகிறவரை எழுப்புவதற்கும் விழுந்த வண்டியை நிமிர்த்துவதற்கும் ஒரே சொல்தான். அவள் அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் திருத்தவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் தமிழ்ச் சொல் அது.

பிறகு என் பின்னால் உட்கார்ந்து வரத் தொடங்கினாள். ஹெல்மெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் சிறு மைக் ஒன்றை வாங்கினேன். ஆற்றங்கரைச் சாலையில் முதல் நாள் போனபோது என் காதுக்குள் அவள் குரல் கேட்டது. "அம்மா, அந்தக் கொக்கைப் பாரு." தமிழில். அதற்குப் பிறகும் தமிழில்தான். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"ஹெல்மெட்டுக்குள்ள பேசினா யாருக்கும் கேக்காதே" என்றாள்.

அடுத்த இரண்டு வருடங்கள் நானும் அவளும் பேசியதில் பெரும்பகுதி ஹெல்மெட்டுக்குள் பேசியதுதான். பள்ளியில் யாரோ அவள் மதிய உணவின் வாசனையைக் கேலி செய்தது, ஒரு தோழி விலகிப் போனது, மருத்துவம் படிக்க விருப்பமில்லை என்பது, எல்லாமே முதுகுக்குப் பின்னாலிருந்துதான் எனக்கு வந்து சேர்ந்தன. முகம் பார்க்காமல் பேசினால் அவளுக்குச் சுலபமாக இருந்தது. எனக்கும்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. "செந்தில் மாமா ஏன் காலைச் சாய்ச்சு நடக்கிறாங்க?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாள். "பைக்ல விழுந்துட்டாங்க" என்பேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

4

அப்போது எனக்கு இருபது வயது. அண்ணனுக்கு இருபத்து நான்கு. சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, உடல்தகுதித் தேர்வுக்காக தினமும் காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். அப்பா ரயில்வேயில் இருந்தார். மகனைக் காக்கிச் சட்டையில் பார்ப்பது அவருக்குப் பெரிய கனவு. தெருவில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஒரு டிசம்பர் காலையில் அண்ணனும் நானும் ஸ்ரீரங்கம் கிளம்பினோம். காவிரிப் பாலத்துக்கு முன்னால், ஓடத்துறை வந்ததும் நான் அடம் பிடித்தேன். தெருவிலேயே எத்தனை நாள் ஓட்டுவது, ஒரு தடவை பாலத்தில் ஓட்டுகிறேன் என்று. என்னிடம் லைசென்ஸ் இல்லை. அண்ணன் கொஞ்சம் யோசித்தான். பிறகு இறங்கிப் பின்னால் உட்கார்ந்தான்.

காவிரிப் பாலம் முழுவதையும் ஓட்டினேன். இப்போதும் அந்தக் காற்று நினைவிருக்கிறது. பாலம் முடிந்து மாம்பழச்சாலை வளைவில் மணல் லாரி சிந்திவிட்டுப் போன மணல் கிடந்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பயந்து முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். வண்டி இடது பக்கம் சரிந்து, அண்ணனின் இடது முழங்காலை அடியில் போட்டுக்கொண்டு இழுத்துப் போனது. முன்னால் தெறித்து விழுந்த எனக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு.

கூட்டம் கூடியது. அண்ணன் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தான். குனிந்து பார்த்த என் கையைப் பிடித்து இழுத்தான்.

"யார் கேட்டாலும் நான்தான் ஓட்டினேன். நீ பின்னாடி உட்கார்ந்திருந்த. புரியுதா?"

நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இருபத்தைந்து வருடம் நீடித்தது.

மூட்டு சரியாகக் கூடவில்லை. உடல்தகுதித் தேர்வு நடந்த நாளில் அவன் மாவுக்கட்டோடு வீட்டில் படுத்திருந்தான். பிறகு பாலக்கரையில் எலக்ட்ரிக்கல் கடை வைத்தான். கடை நன்றாகவே நடக்கிறது. ஆனால் அப்பா அவனை மன்னிக்கவில்லை. கடை திறந்த அன்று வந்தவர்களின் முன்னால், "வண்டியே ஒழுங்கா ஓட்டத் தெரியல, கடையை எங்க ஓட்டப் போறான்" என்றார். அதற்குப் பிறகு அப்பா கடைப் பக்கம் போனதே இல்லை. அம்மா எட்டு வருடங்களுக்கு முன் இறந்தாள், அதே பொய்யை நம்பியபடி.

என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் அண்ணன் என்னை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துப் போனான். எனக்கு வண்டியைப் பார்த்தாலே கை நடுங்கியது. "வேண்டாண்ணே" என்றேன். "ஒரு தடவை விழுந்ததுக்காக ஜென்மத்துக்கும் ஓட்டக் கூடாதா? போய் எட்டு போட்டுட்டு வா" என்று மைதானத்தின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான். நான் கால் ஊன்றாமல் எட்டு போட்டேன். அவன் கை தட்டினான். கியர் வண்டியை அவன் தொட்டு அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. இடது கால் மடங்காது, கியர் மாற்ற முடியாது. இன்றுவரை ஸ்கூட்டர்தான்.

5

இந்த மார்ச்சில் நாங்கள் நால்வரும் திருச்சிக்குப் போனோம். தாரிணியின் பையில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம் இருந்தது. கிளம்புவதற்கு முன் அவளே அலுவலகத்துக்குப் போய், போட்டோ கொடுத்து வாங்கி வந்திருந்தாள்.

கே.கே. நகர் வீட்டில் இரண்டாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அண்ணியும் நானும் பரிமாறிக்கொண்டிருந்தோம். அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. காது நன்றாகக் கேட்கும். கேட்காதது போல் இருப்பார். தாரிணி சாப்பாட்டுக்கு நடுவே அண்ணனிடம் கேட்டாள். ஜப்பானில் பைக் பள்ளியில் விபத்துகளைப் படம் போட்டு ஆராயச் சொல்லுவார்கள், அந்தப் பழக்கம்.

"மாமா, நீங்க விழுந்தது எந்தப் பக்கம்?"

"லெப்ட் சைடும்மா. மணல்ல வழுக்கிருச்சு."

"அம்மா பின்னாடி எப்படி உட்கார்ந்திருந்தாங்க? ரெண்டு பக்கம் கால் போட்டா, ஒரு பக்கமாவா?"

"அப்பல்லாம் பொம்பளைங்க ஒரு சைடாத்தான் உட்காருவாங்க."

"எந்த சைடு?"

"லெப்ட் சைடுதான். எல்லாரும் அப்படித்தான் உட்காருவாங்க."

தாரிணி சாம்பார் சாதத்தில் விரலால் ஒரு கோடு போட்டாள். பிறகு ஒரு சாய்வு. நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்படின்னா வண்டி விழுந்தது அம்மா ரெண்டு காலுக்கும் மேல. அம்மாவுக்குத்தானே முதல்ல அடிபட்டிருக்கணும்? உங்க காலுக்கு மட்டும் எப்படி அடிபட்டுச்சு, மாமா?"

அண்ணன் சிரித்தான். "என்னம்மா, ஜப்பான் போலீஸா நீ? அவ முன்னாடியே குதிச்சிட்டா."

"ஒரு பக்கமா உட்கார்ந்தவங்க குதிக்க முடியாது. நேரம் இருக்காது" என்றாள் தாரிணி. சந்தேகத்தோடு கேட்கவில்லை. கணக்கு உதைக்கிறதே என்ற குழப்பம்தான்.

"அவனுக்கு எப்ப ஒழுங்கா ஓட்டத் தெரிஞ்சிது" என்றார் அப்பா, இலையைப் பார்த்தபடி.

இதே வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எழுந்து வேறு அறைக்குப் போயிருக்கிறேன். அன்று என் கையில் ரசக் கரண்டி இருந்தது. தாரிணி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் ஓட்டலப்பா" என்றேன். "நான்தான் ஓட்டினேன். அண்ணன் பின்னாடி உட்கார்ந்திருந்தான்."

"ஏய், சும்மா இரு" என்றான் அண்ணன்.

"பாலத்துல ஓட்டணும்னு நான்தான் அடம் பிடிச்சேன். பிரேக் பிடிச்சது நான். லைசென்ஸ்கூடக் கிடையாது. அண்ணன் என்னைக் காப்பாத்துறதுக்காக அப்படிச் சொன்னான். நானும் வாயைத் திறக்கல. இத்தனை வருஷமா திறக்கல."

ரவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் இது புதுச் செய்தி. முகுந்த் அக்காவிடம் ஜப்பானிய மொழியில், "என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

அப்பா மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்தார். கையைக் கழுவினார். தன் அறைக்குள் போய் வழக்கம்போல் செய்தித்தாளை விரித்தார்.

6

அண்ணனுக்குக் கோபம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மாலையில் கடைக்குப் போனபோது என்னைப் பார்த்துப் பேசாமல் ஒயர் சுருளை அளந்துகொண்டிருந்தான். வாடிக்கையாளர் போனதும் திரும்பினான்.

"எதுக்கு இப்ப சொன்ன?"

"உன் பேர்ல இருந்த பழி போகட்டும்னுதான்."

"நான் கேட்டேனா? அன்னிக்கு உண்மையைச் சொல்லியிருந்தா உன்னை அடுத்த முகூர்த்தத்துலயே கட்டிக் குடுத்து அனுப்பியிருப்பாங்க. காலேஜும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நீ படிச்ச, லைசென்ஸ் எடுத்த, இப்ப ஜப்பான்ல பைக் ஓட்டுற. அதைப் பார்க்கிறப்பெல்லாம் நாம செஞ்சது சரிதான்னு இருக்கும். அது ஒண்ணுதான் என்கிட்ட இருந்துச்சு. அதையும் நீ சாப்பாட்டு மேஜையில போட்டு உடைச்சிட்ட."

அவன் செய்ததை நான் கடனாகச் சுமந்தேன். அவன் அதைப் பெருமையாக வைத்திருந்தான். இரண்டும் ஒரே பொருள் என்று அன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"மன்னிச்சிருண்ணே."

"சரி விடு. டீ குடிக்கிறியா?" என்றான். கோபம் முழுவதும் போகவில்லை. ஆனால் டீயில் எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்ல மறக்கவில்லை.

தாரிணி இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். ஹெல்மெட் இல்லாமல், முகத்துக்கு நேராக, தமிழில் கேட்டாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஓட்டப் பயப்படுவேன்னு நினைச்சேன்."

"பொய்."

ஒரு சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு நின்றேன். "நீ என்னை வேற மாதிரி பார்ப்பேன்னு பயமா இருந்துச்சு."

அவள் கொஞ்ச நேரம் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். "ஆமா. வேற மாதிரிதான் பார்க்கிறேன்" என்றாள். "ஆனா மோசமா இல்ல. முதல் நாள் நீ என்னைப் பின்னாடி வெச்சு ஓட்டினப்போ உன் கை நடுங்குச்சு. குளிர்னு சொன்ன. இப்பத்தான் புரியுது."

பிறகு, "அடுத்த தடவை நடுங்கினா சொல்லு. நிறுத்திட்டுக் காபி குடிக்கலாம்" என்றாள்.

7

வருடம் முடிந்த நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் தாரிணி குளித்துவிட்டு வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"மாமா, இன்னிக்கு நான் பின்னாடி ஆள் ஏத்தலாம். நீங்க வரீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு வருடமாக நான் காத்திருந்த இடம் அது. ஆனால் அண்ணனின் முகத்தைப் பார்த்தபோது அந்த வலி நிலைக்கவில்லை. அவன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கால் மடங்காதேம்மா."

"எவ்வளவு மடங்கும்?"

காட்டினான். அவள் குனிந்து, கோணத்தைப் பார்த்து, "அது போதும். புட்ரெஸ்ட் கொஞ்சம் கீழ இருக்கிற வண்டியா வேணும்" என்றாள். அண்ணன் கடைக்குப் பக்கத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ரஹீம் பாய் தன் பைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "ஜப்பான் லைசென்ஸா? அப்ப எங்க ஊர் டிராபிக் பார்த்து அழுவாம இரும்மா" என்று சிரித்தார்.

கிளம்புவதற்கு முன் தாரிணி அண்ணனுக்கு ஹெல்மெட் மாட்டி, வாரைக் கட்டி, பாடம் எடுத்தாள்.

"வளைவுல நான் சாய்வேன். நீங்களும் என்கூடவே சாயணும். பயந்து எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. பேலன்ஸ் போயிடும்."

"சரிங்க டீச்சர்."

நான் அண்ணனின் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன். பாலக்கரை நெரிசலில் அவள் தடுமாறுவாள் என்று நினைத்தேன். ஷேர் ஆட்டோக்கள் இரண்டு பக்கமும் உரசுவதுபோல் வந்தன. அவள் அந்த ஒற்றைப் பலகையில் போவதுபோல், பதற்றமில்லாமல், மெதுவாகப் போனாள். பின்னாலிருந்து யார் ஹாரன் அடித்தாலும் வேகத்தைக் கூட்டவில்லை. சத்திரம் பஸ் நிலையத்தைத் தாண்டிப் பாலம் ஏறினோம். கீழே காவிரி பெரும்பாலும் மணலாகக் கிடந்தது. நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். அண்ணனின் இரண்டு கைகளும் முதலில் பின்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன. பாதிப் பாலத்தில் ஒரு கையை எடுத்து அவள் தோளில் வைத்தான். பாலம் முடியும் முன் இன்னொரு கையையும்.

மாம்பழச்சாலை வளைவைத் தாண்டியதும் தாரிணி ஓரமாக நிறுத்தினாள். மூவரும் இறங்கினோம். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன், "இங்கதான். அந்தக் கடைக்கு நேரா" என்று கை நீட்டிக் காட்டினான். அவ்வளவுதான் பேசினோம். அதற்குள் ஒரு போக்குவரத்துக் காவலர் வந்துவிட்டார்.

"யாருங்க வண்டியை இங்க நிறுத்தினது? நோ பார்க்கிங் போர்டு தெரியல?"

"நான்தாங்க சார்" என்றான் அண்ணன் உடனே.

"இல்லை, நான்" என்றாள் தாரிணி. "நான்தான் ஓட்டினேன். நான்தான் நிறுத்தினேன். மன்னிச்சுக்கோங்க" என்று இடுப்பை வளைத்துக் குனிந்து வணங்கினாள், ஜப்பானில் செய்வதுபோல்.

காவலர் ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். தப்பை ஒத்துக்கொள்ள இரண்டு பேர் போட்டி போட்டு அவர் பார்த்திருக்க மாட்டார். "சரி சரி, எடுங்க. எடுத்துட்டுக் கிளம்புங்க" என்றார். அண்ணன் சிரிக்கத் தொடங்கினான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். பிறகு நாங்கள் அம்மா மண்டபம் போய், படித்துறையில் இறங்கி, இருந்த தண்ணீரில் கால் நனைத்துவிட்டுத் திரும்பினோம்.

என்னை அவள் ஏற்றியது அடுத்த நாள், கே.கே. நகர் தெருக்களில். நன்றாக ஓட்டுகிறாள். அதிகம் சொல்ல மாட்டேன். இதைப் படித்தால் தலையில் ஏறிவிடும்.

8

அப்பா மட்டும் அந்த மதியத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் திரும்பும் நாள் வரை பேசவில்லை. விமான நிலையத்துக்கு வந்தார். முகுந்தின் தலையைத் தடவினார். தாரிணியிடம், "பார்த்து ஓட்டும்மா" என்றார். என்னிடம், "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்றார். அவர் கோபமாக இருந்தாரா, வருத்தமாக இருந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் தப்பான ஆள் மேல் வைத்திருந்த கோபத்தை எழுபத்தேழு வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

இங்கே வந்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. சனிக்கிழமைகளில் நானும் தாரிணியும் ஆற்றங்கரைச் சாலையில் போகிறோம். ஒருநாள் அவள் முன்னால், ஒருநாள் நான். முகுந்துக்குப் பைக்கில் துளியும் ஆர்வமில்லை. ரயில்தான் பிடிக்கும் என்கிறான். வற்புறுத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான்.

"நேத்து அப்பா கடைக்கு வந்தாரு" என்றான்.

"கடைக்கா? யாரோட?"

"தனியா. டவுன் பஸ்ல வந்திருக்காரு. நான் ஏதோ அவசரம்னு பதறிட்டேன். ஒண்ணுமில்லன்னாரு. ஸ்டூலைத் துடைச்சுப் போட்டேன், உட்கார்ந்தாரு. கடையைச் சுத்திச் சுத்திப் பார்த்தாரு. டீ வாங்கிக் குடுத்தேன். அரை மணி நேரம் ஒண்ணும் பேசல."

"அப்புறம்?"

பின்னணியில் பாலக்கரையின் ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"கிளம்பறதுக்கு எழுந்தாரு. வாசல்ல நின்னுட்டு, என் காலைப் பார்த்து, 'இன்னும் வலிக்குதாடா?'ன்னு கேட்டாரு."

"நீ என்னண்ணே சொன்ன?"

"இல்லப்பான்னேன்" என்றான். பிறகு, "அவர் போகல, அங்கேயே நின்னாரு. அதனால, ஆமாப்பா, வலிக்குதுன்னு சொன்னேன். மறுபடியும் வந்து உட்கார்ந்துட்டாரு."